காதுக்குப் புள்ளி இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்து வாத்திமார் படிக்காத பெடியங்களைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று ஏசுவார்கள். நான் ஓரளவு படித்தவன். அப்படியிருந்தும் ஐம்பத்திரண்டு வயதில், மொன்றியலில் இருந்துகொண்டு, மாடு பார்க்கிற வேலைக்குப் போனேன். அதற்கு முன் இருபது வருஷம் டவுன்டவுன் உணவகக் குசினிகளில் கழிந்தது. எண்ணெய்ப் புகையில் நெஞ்சு இளைக்கத் தொடங்க, குசினியை விடு என்று டொக்டர் சொன்னார். மொன்றியல் தீவின் மேற்குப் பாலத்தைத் தாண்டிப் போனால் ஒரு பால் பண்ணையில் ஆள் தேவை என்று கோயிலில் ஒருவர் சொன்னார். நாங்கள் குடியிருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு கிழமை சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

பால் கறப்பது இயந்திரம். என்னுடைய பொறுப்பு கன்றுகள். பால்மா கரைத்துக் கொடுப்பது, வைக்கோல் மாற்றுவது, கழிச்சல் பிடித்ததைக் கண்டு சொல்வது. விடிய நாலரைக்குக் காரை எடுத்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடியும். அங்கே முழுநேரம் வேலை செய்தது நானும் குவாத்தமாலாவில் இருந்து ஒப்பந்தத்தில் வந்த ஒருவரும்தான். முதலாளியை நாங்கள் இருவரும் பத்ரோன் என்று கூப்பிடுவோம். அவர் என் வயதுக்காரர். மார்கழியில் ஒரு பெட்டி அப்பிள் தருவார், மகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். கெட்ட மனிதர் என்று அவரைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

குவாத்தமாலாக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பண்ணை இயந்திரக் கொட்டிலின் மேல் அறையில் தங்கியிருந்தார். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு. நான் உடைத்த இடம் வேறு, அவர் உடைத்த இடம் வேறு, ஆனால் கன்றுகளைப் பற்றிக் கதைக்க அது போதும். அவர் ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் இருந்தது. ஒவ்வொரு தடவை முடிந்து போகும்போதும், அடுத்த தடவைக்கும் இவர்தான் வேண்டும் என்று முதலாளி அவருடைய பெயரைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ஆவணி முடிவில் பத்ரோன் அனுப்புகிற பட்டியலில் பெயர் இருந்தால் திரும்பி வரலாம். இல்லாவிட்டால் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். ஏன் விட்டார்கள் என்று தெரியாத ஆளை வேறு பண்ணைக்காரன் லேசில் எடுக்கமாட்டான். நான்கு தடவை அவருடைய பெயர் வந்திருந்தது.

இனி நான் செய்த மோட்டு வேலையைச் சொல்கிறேன்.

அந்தத் தை மாதம் பண்ணையின் மிகச் சிறந்த பசு ஒரு நாகு, அதாவது பெண் கன்று போட்டது. பிறந்து நாலாம் நாள் பட்டிப்பொங்கல். ஊரில் என்றால் அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொங்கல் ஊட்டுவோம். கனடாவில் நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. மாடு இல்லாதவனுக்கு என்ன பட்டிப்பொங்கல்? ஆனால் இப்போது கையில் மாடு இருக்கிறது. முதல் நாள் வீட்டில் பொங்கியதில் ஒரு பிடியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஒரு கடதாசித் துண்டில் குங்குமமும் மடித்துக்கொண்டு போனேன். மனைவி, "அந்த வெள்ளைக்காரன் உங்களை விசர் எண்டு நினைக்கப் போறான்" என்று சிரித்தாள்.

குளிப்பாட்டுகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே. உள்ளே கன்றுக் கொட்டில் சூடாகத்தான் இருந்தது. வேலை முடிகிற நேரம், ஒன்றரை மணிக்கு, பால்மா கரைக்கிற வெந்நீரில் கொஞ்சம் மஞ்சள் போட்டு, துணியை நனைத்து, அந்த நாலு நாள் கன்றின் முகத்தையும் காதுகளையும் நன்றாகத் துடைத்தேன். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். அது என் விரலைச் சூப்பியது. சர்க்கரைப் பொங்கலைத் தாய்ப் பசுவுக்குக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்ல வேண்டும். துடைத்துக் காயவைக்காமல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கன்றை இரண்டு மணிக்கு வெளிக்கூண்டுக்கு மாற்றும்படி பத்ரோன் காலையிலேயே குவாத்தமாலாக்காரரிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. கன்றுகளை நாலைந்து நாளில் வெளியே, வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டுகளில் விடுவது பண்ணை வழக்கம். உள்ளே நெருக்கமாக வைத்தால் நெஞ்சில் சளி பிடிக்கும். பத்ரோன் சொன்னபடி அவர் கொண்டுபோய், வைக்கோலை முழங்கால் உயரம் நிரப்பி, கன்றுக்கு மேலங்கி கட்டிவிட்டிருக்கிறார். உடம்பு காய்ந்துதான் இருந்தது. காதின் உட்புறத்தை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. ஏன் தொட வேண்டும்? நாலு நாள் கன்றின் காது எப்படி நனையும்?

என் பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது, "தலை ஈரத்தோடை வெளியிலை போகாதே" என்று நான் கத்தாத காலை ஒன்று இல்லை. அதே ஆள்தான் நான்.

அடுத்த நாள் விடிய நான் போனபோது கன்று நன்றாக எழும்பி நின்று பால் குடித்தது. காதுகள் இரண்டும் பொரிக்காத அப்பளம் போல விறைத்து நின்றன. கையால் பிடித்தேன், அது உணரவில்லை. இரண்டு நாளில் வீங்கியது, ஒரு கிழமையில் நுனி கறுத்தது, மாதம் முடிய இரண்டு காதிலும் மேல் பாதி கழன்று விழுந்துவிட்டது. இலக்கத் தகடு குத்தியிருந்த கீழ்ப் பாதி மட்டும் மிஞ்சியது. தகடுகள் பெரிதாகவும் காதுகள் சின்னதாகவும், பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

காது விறைத்திருந்த அந்த முதல் காலையிலேயே பத்ரோன் கூண்டருகே வந்து பார்த்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் பேசுவது கியூபெக் பிரெஞ்சு, நான் எழுதுவது என் காதில் விழுந்த தமிழ்.

"ஆர் இதை வெளியிலை விட்டது?"

"நான்" என்றார் குவாத்தமாலாக்காரர்.

"காஞ்சுதோ எண்டு பாக்கேல்லையோ? எத்தினை வருஷமா இந்த வேலை செய்யிறாய்?"

"காஞ்சுதான் இருந்தது, பத்ரோன்."

"காஞ்ச காது இப்பிடி உறையாது."

அது சரியான பேச்சு. காய்ந்த காது அப்படி உறையாதுதான். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து கூண்டு வைக்கோலைச் சரிப்படுத்தினேன். குங்குமப் பொட்டைக்கூட நான் வந்த உடனேயே உமிழ்நீர் தொட்டு அழித்துவிட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். அதாவது பயந்து வாயடைத்துப் போனேன் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள், நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாள். "இஞ்சருங்கோ, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ" என்றாள். "இந்த வயசிலை வேறை ஆர் உங்களுக்கு வேலை தரப் போறாங்கள்? ஒரு காதுக்காக ஒருத்தனையும் கலைக்கமாட்டாங்கள். ரெண்டு நாள் ஏசிப்போட்டு மறந்திடுவாங்கள்."

அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நம்பினேன்.

பங்குனியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. போகிற அன்று காலையில் பத்ரோன் அவரிடம், இந்த முறை பட்டியலில் பெயர் எழுதுவதாக இல்லை, கவனம் குறைந்துவிட்டது, அந்தக் கன்று ஒரு உதாரணம் என்று சொல்லியிருக்கிறார். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "கண்டுக்குட்டி நல்லது. தாய் மாதிரி வரும். பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். "ஆவணி வரைக்கும் நேரம் இருக்கு. பத்ரோன் மனம் மாறினாலும் மாறுவார்" என்று நான் சொன்னேன். ஆவணி வரைக்கும் நேரம் இருந்தது எனக்குத்தான்.

கன்று அவர் சொன்னபடியே வந்தது. நீண்ட முதுகு, நேரான பின்னங்கால், தலையை உயர்த்தி நடக்கிற திமிர். ஆனி மாதத்தில் பத்ரோன் அதை ஆவணியில் நடக்கிற மாட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார். தலைக்கயிறு கட்டி நடக்கப் பழக்குகிற வேலை எனக்கு. தினமும் வேலை முடிந்து அரை மணி நேரம் கொட்டிலைச் சுற்றி நடந்தோம். வேறு யார் பிடித்தாலும் இழுத்து நின்றது, என்னோடு மட்டும் வந்தது. கண்காட்சி வளையத்திலும் நீயே பிடி என்றார் பத்ரோன். அது என்னை மன்னித்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். மாட்டுக்கு அதெல்லாம் தெரியாது, பால் கொடுத்த கையைத்தான் தெரியும்.

காதுகள் பத்ரோனை வதைத்தன. கண்காட்சிக்கு மயிர் வெட்டுகிற ஒருவரை அழைத்து வந்திருந்தார். தலையையும் கழுத்தையும் ஒட்ட வெட்டுவதுதான் முறை. காதில் மட்டும் மயிரை நீளமாக விட்டு மேலே சீவினால் நுனி இருப்பது போலத் தெரியுமா என்று பத்ரோன் கேட்டார். சீவிப் பார்த்தார்கள். இன்னும் கேவலமாக இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி, இருப்பதை இருப்பது போல விட்டார்கள். அதைப் பார்க்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் ஒவ்வொருவரிடமும் பத்ரோன் ஒரே கதையைச் சொன்னார். "என்ரை பழைய வேலைக்காரன் செய்த வேலை. ஈரத்தோடை வெளியிலை விட்டிட்டான்." கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அதை எத்தனை தரம் கேட்டேன் என்று எண்ணவில்லை.

கண்காட்சியில் மாடு பிடிக்கிறவர்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை போட வேண்டும். மனைவி ஸ்திரி போட்டுத் தந்தாள். "கோயிலுக்குப் போறவர் மாதிரி இருக்கிறியள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியல் அடுத்த கிழமை போகிறது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. கண்காட்சி முடிந்தவுடன் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். கன்று தோற்றால் பத்ரோன் கோபத்தில் இருப்பார், அப்போதும் சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொரு கன்றுகள் வளையத்தில் நின்றன. மரத்தூள் பரப்பிய தரை, சுற்றிவரப் பலகை இருக்கைகள், அதில் தொப்பி போட்ட குடும்பங்கள். அங்கே கறுப்பு ஆள் நான் ஒருவன்தான், அது எனக்குப் புதிதில்லை. கன்றின் முகத்தைப் பார்த்தபடி நான் பின்பக்கமாக நடக்க வேண்டும். நடுவர் உயரமான ஒரு பெண், கையில் ஒலிவாங்கி. எங்களருகே வந்து நின்றார். முதுகைத் தடவினார். காதுகளைப் பார்த்தார்.

"குளிரோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கால்களைப் பார்க்கக் குனிந்தார். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இல்லை.

எங்களை இரண்டாவதாக நிறுத்தினார். முதலாவது வந்த கன்று எங்களுடையதைவிட நீளம், அதில் சண்டைக்கு இடமில்லை. பிறகு ஒலிவாங்கியில் காரணம் சொன்னார். எங்கள் முறை வந்தபோது, "இந்தக் கன்றின் காதைப் பார்த்துச் சிலர் யோசித்திருப்பார்கள்" என்றார். "அது பிறவிக் குறை இல்லை. நம்முடைய குளிர் செய்த வேலை. இந்த மாகாணத்தில் எந்தக் கொட்டிலில் அது நடக்கவில்லை? காதுக்கு நான் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை." இருக்கைகளில் இருந்தவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். பத்ரோனும் கை தட்டினார்.

ஒரு மனிதனின் வேலை போனது அந்தக் காதால். அந்தக் காதுக்குப் புள்ளியே இல்லையாம்.

இரண்டாம் இடத்து ரிப்பனைத் தலைக்கயிற்றில் குத்திக்கொண்டு கன்றைக் கட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். பத்ரோன் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் ஒன்றை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"பத்ரோன், ஒரு விஷயம். அந்தக் காதை நனைச்சது நான். அண்டைக்கு எங்கடை மாட்டுத் திருநாள். ஈரத் துணியாலை துடைச்சன். அவருக்குத் தெரியாது. அவரிலை ஒரு பிழையும் இல்லை. பட்டியல் போக முதல் அவற்றை பேரை எழுதுங்கோ. வேணுமெண்டால் என்னை நிப்பாட்டுங்கோ."

ஏழு மாதமாக நான் மனதுக்குள் பாடமாக்கி வைத்திருந்த பிரெஞ்சு அது. ஒரு பிழை இல்லாமல் சொன்னேன்.

அவர் போத்தலை வாயிலிருந்து எடுத்தார். "தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

"தெரியுமடாப்பா. பால் அறைக் கண்ணாடியாலை பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். முகத்தைக் கழுவினாய், நெத்தியிலை சிவப்பா என்னவோ பூசினாய். சாமி கும்பிடுறான் எண்டு விட்டிட்டன். காது நனைஞ்சது எனக்கும் அடுத்த நாள்தான் விளங்கினது."

"அப்ப ஏன் அவரை?"

பத்ரோன் கன்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "அவன் மேல் அறைக்கு ஹீட்டர் காணாது எண்டான். சரி, பாப்பம் எண்டன். பேந்து வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டான். பேந்து ஆரோ ஒரு தொழிலாளர் சங்கத்துக்குப் போன் பண்ணி விசாரிச்சிருக்கிறான். எனக்கு அப்பிடி ஒரு ஆள் வேண்டாம். ஆனால் ஹீட்டர் கேட்டான் எண்டு சொல்லி ஒருத்தனை விடேலாது. காது எண்டால் சொல்லலாம்."

பிறகு எழும்பி என் தோளில் கை வைத்தார். "நீ அண்டைக்கு வாயைத் திறந்திருந்தால் எனக்குக் கஷ்டமாப் போயிருக்கும். நீ திறக்கேல்லை. மெர்சி."

உண்மையாகவே நன்றியோடுதான் சொன்னார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என் மௌனத்தை நான் களவு என்று நினைத்திருந்தேன். அவர் அதை ஒரு உதவியாக வாங்கி, பாவித்து, இப்போது நன்றியும் சொல்கிறார். நான் அவரை அடித்திருக்கலாம், கயிற்றை எறிந்துவிட்டு நடந்திருக்கலாம். கன்றுக்குத் தண்ணீர் வைத்தேன். சாயந்தரம் அதை லொறியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பால்கனியில் இருந்து குவாத்தமாலாவுக்கு வாட்ஸப்பில் எடுத்தேன். முகம் பார்க்கிற அழைப்பு வேண்டாம் என்று குரல் மட்டும் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கண்காட்சியிலை கண்டு என்ன மாதிரி?" என்று அவர்தான் முதலில் கேட்டார். கன்று போகப் போகிறதை ஆனியிலேயே அவருக்கு எழுதியிருந்தேன்.

"ரெண்டாவது."

அவர் பின்னால் திரும்பி யாருக்கோ ஸ்பானிஷில் கத்திச் சொன்னார். பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்தது. "நான் அண்டைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கோல் போட்டிருக்க வேணும். ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான். அந்தக் காது முழுசா இருந்தால் முதலாவது வந்திருக்கும். பத்ரோனிட்டை நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். வெந்நீரை, துணியை, பொட்டை, அடுத்த நாள் நான் நின்ற நிலையை. உடைந்த பிரெஞ்சில் அது எவ்வளவு விளங்கியதோ என்று பயந்து, இரண்டு தரம் சொன்னேன்.

"பத்ரோனிட்டைச் சொன்னியளோ?" என்றார்.

"நேற்றுச் சொன்னன்."

"அப்ப அவருக்கு இப்ப உண்மை தெரியும்." அவர் குரல் எழும்பியது. நான் செய்ததை அந்த ஒரு நொடியில் அவர் மறந்தேவிட்டார். "அப்ப இந்த முறை என்ரை பேரை எழுதுவார். பட்டியல் இன்னும் போகேல்லைத்தானே?"

போகவில்லை என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். கண்ணாடியை, ஹீட்டரை, சங்கத்துக்கு எடுத்த போனை. பத்ரோன் எனக்கு நன்றி சொன்னதையும் சொன்னேன், அதை மறைக்க எனக்கு இனி உரிமை இல்லை.

அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நீங்கள் இப்பவும் அங்கைதானோ வேலை செய்யிறியள்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். அடுத்த நாள் திங்கட்கிழமை. நான் வேலைக்குப் போனேன்.